நிரல்படுத்தக்கூடிய ரேக் மிக்சர்

நிரல்படுத்தக்கூடிய ரேக் மிக்சர் என்பது பல ஒலிவிளைவுக் கருவிகளிலிருந்து வரும் குறிகைகளை ஒன்றுசேர்க்கும் ஒலிக்கலப்பி வகைகளுள் ஒன்றாகும். ஒவ்வொரு குறிகையின் மட்டத்தையும் இது தன் நினைவகத்தில் பதிந்து வைத்திருக்கும். கட்டளை கிடைத்ததும் அம்மட்டங்களை மீண்டும் அமைத்துத் தரும். மின்கித்தார் இசைக்கலைஞர்கள் டிலே, ரிவெர்ப், கோரஸ் முதலிய விளைவுக் கருவிகளை ரேக் எனப்படும் அடுக்குச் சட்டகத்தில் பொருத்திப் பயன்படுத்தும்போது இக்கருவி அந்த அமைப்பின் மையமாக அமைகின்றது. ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்குச் செல்லும்போது கைகளைக் கித்தாரிலிருந்து எடுக்காமலே ஒலிக்கலவையை முழுவதும் மாற்ற இது உதவுகின்றது.

இத்தகைய மிக்சரைத் தெரிவு செய்யும்போது தடங்களின் எண்ணிக்கையும் விலையும்தான் முதலில் பார்க்கப்படுகின்றன. ஆனால் அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி வேறு: எந்த இடத்தில் உள்ள மட்டம் மாற வேண்டும்? விளைவுக் கருவிக்குள் செல்லும் குறிகையா, அதிலிருந்து வெளிவரும் குறிகையா, விளைவு சேராத நேர்க்குறிகையா என்பதைப் பொறுத்தே எந்த வகை மிக்சர் தேவை என்பதும், நிரல்படுத்தும் வசதி உண்மையில் தேவைதானா என்பதும் முடிவாகும்.

பெயர் விளக்கம்

ரேக் என்பது முகப்புத் தகட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர், என்று வரையறுக்கப்பட்ட பொருத்துச் சட்டகமாகும். கருவிகளின் உயரம் ரேக் அலகுகளில் அளக்கப்படும். ஓர் அலகு 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். கித்தார் அமைப்புகளில் பயன்படும் மிக்சர்கள் பெரும்பாலும் ஓரிரு அலகு உயரமே உடையவை.

மேடை ஒலியமைப்பில் காணப்படும் பெரிய கலப்பு மேசைகளிலிருந்து இவை வேறுபட்டவை. இவற்றில் ஒலிவாங்கிகளுக்கான முன்பெருக்கிகள் பொதுவாக இரா. ஏற்கனவே போதிய மட்டத்திற்கு உயர்த்தப்பட்ட குறிகைகளை மட்டும் இவை ஏற்பதால் லைன் மிக்சர் என்ற பெயரும் உண்டு. மட்டங்களை நினைவில் வைக்கும் வசதியுடைய லைன் மிக்சரே நிரல்படுத்தக்கூடிய மிக்சர் எனப்படுகின்றது.

வரலாறு

1970களில் கித்தார் விளைவுகள் பெரும்பாலும் காலால் அழுத்தும் சிறு பெட்டிகளாகவே இருந்தன. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென உருவாக்கப்பட்ட எண்முறை டிலே, ரிவெர்ப் கருவிகள் 1980களில் மேடைக்கும் வந்தன. லெக்சிகன் பிசிஎம் 70, டிசி எலெக்ட்ரானிக் 2290, ரோலண்ட் எஸ்டிஇ-3000, ஈவென்டைட் எச்3000 ஆகியவை இக்காலத்தில் கித்தார் ரேக்குகளில் இடம்பெற்ற கருவிகளுள் சிலவாகும்.

1983 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 ஆகிய இரு இசைக்கருவிகள் மிடி இடைமுகத்தால் இணைத்துக் காட்டப்பட்டன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மொழியில் பேசும் வழி இதனால் திறந்தது. விசைப்பலகைகளுக்கென உருவான இந்த முறை விரைவிலேயே விளைவுக் கருவிகளுக்கும் மிக்சர்களுக்கும் பரவியது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பாப் பிராட்ஷா நடத்திய கஸ்டம் ஆடியோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், ஸ்டீவ் லூகாதர், மைக்கேல் லாண்டாவ், எடி வான் ஹேலன் போன்ற கலைஞர்களுக்கு ரேக் அமைப்புகளைக் கட்டித் தந்தது. கால் இயக்கி ஒன்றால் பல கருவிகளை ஒருசேர நிலைமாற்றுவதும், விளைவுகளை லைன் மிக்சர் வழியாகப் பக்க இணைப்பில் சேர்ப்பதும் இத்தகைய அமைப்புகளால் பரவலாக அறியப்பட்டன.

தொடரிணைப்பும் பக்க இணைப்பும்

விளைவுக் கருவிகளை இரு வழிகளில் இணைக்கலாம். தொடரிணைப்பில் முதல் கருவியின் வெளியீடு இரண்டாவதற்கு உள்ளீடாகும். இரண்டாவதன் வெளியீடு மூன்றாவதற்கு உள்ளீடாகும். இதில் கித்தாரின் நேர்க்குறிகையும் எல்லாக் கருவிகளின் வழியாகவும் சென்றாக வேண்டும். கருவிகள் எண்முறையானவை எனில் ஒவ்வொன்றிலும் அது ஒருமுறை எண்களாகவும் பின்னர் மீண்டும் மின்னழுத்தமாகவும் மாற்றப்படும். ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது இரைச்சலும் சிறிது தாமதமும் சேரும். ஒரு கருவி பழுதானால் ஒலி முழுவதும் நின்றுவிடும்.

பக்க இணைப்பில் முன்பெருக்கியின் வெளியீடு பல கிளைகளாகப் பிரிக்கப்படும். ஒரு கிளை எந்தக் கருவியையும் தொடாமல் நேராக மிக்சரை அடையும். மற்றக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு விளைவுக் கருவியின் வழியாக மிக்சரை அடையும். நேர்க்குறிகை மாசுபடாமல் இருக்க, விளைவுகள் அதன்மேல் சேர்க்கப்படுகின்றன. ஒரு விளைவுக் கருவி பழுதானாலும் நேர்க்குறிகை ஒலித்துக்கொண்டேயிருக்கும்.

எல்லா விளைவுகளும் பக்க இணைப்புக்குப் பொருந்துவதில்லை. திரிபு, ஒலியழுத்தி, வா போன்றவை குறிகையின் வடிவத்தையே மாற்றுவதற்காகப் பயன்படுபவை. அவற்றுடன் மாறாத குறிகையையும் கலந்தால் விளைவின் பயன் குறையும். எனவே இவை தொடரிணைப்பிலும், டிலே, ரிவெர்ப், கோரஸ், சுருதிமாற்றி ஆகியவை பக்க இணைப்பிலும் வைக்கப்படுவது வழக்கம்.

சீப்பு வடிகட்டல்

பக்க இணைப்பில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. எண்முறைக் கருவி தனது வெளியீட்டில் விளைவுடன் நேர்க்குறிகையையும் கலந்து அனுப்பினால், அந்த இரண்டாவது நேர்க்குறிகை சற்றுத் தாமதமாக மிக்சரை அடையும். ஒரே குறிகை 1 மில்லிநொடி இடைவெளியில் சம மட்டத்தில் இருமுறை சேர்ந்தால் 500, 1500, 2500 எர்ட்ஸ் என்ற அதிர்வெண்களில் ஒலி அற்றுப்போகும். 1000, 2000 எர்ட்ஸ் ஆகியவற்றில் 6 டெசிபெல் மிகும். வரைபடத்தில் சீப்பின் பற்களைப் போலத் தோன்றுவதால் இதற்குச் சீப்பு வடிகட்டல் என்று பெயர். காதுக்கு இது உட்குழிந்த, வலுவற்ற ஒலியாகக் கேட்கும்.

தாமதமாக வரும் பகுதியின் மட்டம் குறையக் குறைய இச்சிக்கலும் குறையும். அது 6 டெசிபெல் தாழ்ந்திருந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ +3.5 முதல் −6 டெசிபெல் வரை இருக்கும். 20 டெசிபெல் தாழ்ந்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் 1 டெசிபெலுக்கும் குறைவே. எனினும் முறையான தீர்வு, ஒவ்வொரு விளைவுக் கருவியின் கலவை விகிதத்தையும் 100 விழுக்காடு விளைவு என அமைப்பதே. பல கருவிகளில் நேர்க்குறிகையை முற்றிலும் நீக்கும் தனி அமைவும் உண்டு. அவ்வசதி இல்லாத கருவியைப் பக்க இணைப்பில் சேர்ப்பதைத் தவிர்ப்பது நன்று. எவ்வளவு விலையுயர்ந்த மிக்சரும் இக்குறையைச் சரிசெய்ய முடியாது.

மட்டத்தை மாற்றும் உறுப்புகள்

நிரல்படுத்தக்கூடிய மிக்சரில் கையால் திருகும் மின்தடைக்குப் பதிலாக, மின்னணுக் கட்டளைக்குக் கட்டுப்படும் உறுப்பு ஒன்று ஒவ்வொரு தடத்திலும் இருக்கும். கருவியின் ஒலித்தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இவ்வுறுப்பே. இவற்றுள் முதன்மையானவை மூன்று வகைகள்.

* மின்னழுத்தக் கட்டுப்பாட்டுப் பெருக்கி: கட்டுப்பாட்டு மின்னழுத்தத்திற்கு ஏற்ப இதன் பெருக்கம் மாறும். டிபிஎக்ஸ் நிறுவனத்தை நிறுவிய டேவிட் பிளாக்மர் 1970களில் உருவாக்கிய மின்சுற்று இவ்வகையில் புகழ்பெற்றது. மட்டம் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாக மாறுவதால், மெல்ல எழும் ஒலிக்கும் மெல்ல அடங்கும் ஒலிக்கும் இது ஏற்றது. சரியாகச் சீரமைக்கப்படாவிடில் சிறிது திரிபும், விரைந்து மாற்றும்போது மெல்லிய தட்டொலியும் எழலாம்.

* எண்முறையால் கட்டுப்படும் தொடர்முறை மட்டமாற்றி: குறிகை தொடர்முறையாகவே செல்லும், மட்டம் மட்டும் படிகளாக மாற்றப்படும். எடுத்துக்காட்டாக, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிஜிஏ2310 என்ற தொகுசுற்று +31.5 முதல் −95.5 டெசிபெல் வரை 0.5 டெசிபெல் படிகளில் மட்டத்தை மாற்றக்கூடியது. படிகள் பெரிதாக இருந்தால் மட்டத்தை நகர்த்தும்போது பல்லிணைப்பை இழுப்பது போன்ற ஒலி கேட்கும். குறிகை சுழி மின்னழுத்தத்தைக் கடக்கும் நொடியில் மட்டும் படி மாறுமாறு அமைத்து இக்குறை தணிக்கப்படுகின்றது.

* எண்முறைக் குறிகைச் செயலி: எல்லா உள்ளீடுகளும் எண்களாக மாற்றப்பட்டுக் கணிப்பின் மூலம் கலக்கப்படும். வடிகட்டல், இட வலப் பகிர்வு போன்ற பல வசதிகளைக் குறைந்த செலவில் தர முடியும். ஆனால் இவ்வகை மிக்சரில் நேர்க்குறிகையும் எண்முறை மாற்றத்துக்கு உட்படுகின்றது. நேர்க்குறிகையைத் தொடர்முறையாகவே வைத்திருப்பதற்காகப் பக்க இணைப்பை நாடியவருக்கு இது அந்நோக்கத்தையே கெடுத்துவிடும்.

அனுப்பீட்டை அடைத்தலும் திரும்பீட்டை அடைத்தலும்

விளைவுக் கருவிக்குள் செல்லும் குறிகை அனுப்பீடு எனவும், அதிலிருந்து மிக்சருக்கு வரும் குறிகை திரும்பீடு எனவும் இங்கு குறிக்கப்படுகின்றன. ஒரு விளைவை நிறுத்த இவ்விரண்டில் எதையும் அடைக்கலாம். ஆனால் கேட்கும் ஒலி ஒன்றாக இராது.

டிலே கருவியின் தாமதம் 500 மில்லிநொடி என்றும், ஒவ்வொரு முறையும் எதிரொலி 6 டெசிபெல் குறைகின்றது என்றும் கொள்வோம். ஒலி 60 டெசிபெல் தாழ்வதற்குப் பத்து எதிரொலிகள், அதாவது 5 நொடிகள் ஆகும். தனி வாசிப்பு முடிந்தவுடன் கலைஞர் அடுத்த முன்னமைவுக்கு மாறும்போது திரும்பீடு அடைக்கப்பட்டால், இந்த 5 நொடி ஒலிவாலும் கத்தரித்தது போல அறுந்துவிடும். அனுப்பீடு அடைக்கப்பட்டால் புதிய ஒலி எதுவும் உள்ளே செல்லாது. ஏற்கனவே உள்ளே உள்ள எதிரொலிகள் இயல்பாகத் தேய்ந்து மறையும்.

லைன் மிக்சர்கள் பெரும்பாலானவை திரும்பீடுகளை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. ஆகவே எட்டுத் தடங்களையும் நூற்றுக்கு மேற்பட்ட நினைவிடங்களையும் கொண்ட மிக்சரும்கூட ஒலிவால் அறுபடும் சிக்கலைத் தானாகத் தீர்ப்பதில்லை. ஒலிவால் தொடர வேண்டும் எனில், அனுப்பீடுகளையும் கட்டுப்படுத்தும் மிக்சரோ, அனுப்பீட்டை அடைக்கக்கூடிய லூப் சுவிட்சரோ, உள்ளீட்டை மட்டும் அடைக்கும் அமைவுள்ள விளைவுக் கருவியோ தேவை. மிக்சர் வாங்கிய பின்னரே இவ்வேறுபாடு தெரியவருமாயின் அமைப்பை மீண்டும் கட்ட வேண்டியிருக்கும்.

மாறாக, பாட்டின் ஓரிடத்தில் எல்லா ஒலியும் சட்டென்று நிற்க வேண்டும் என்றால் திரும்பீட்டை அடைப்பதே சரி. இரு வசதிகளும் உள்ள கருவியே முழுமையானது.

மிடி கட்டுப்பாடு

மிடி நொடிக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில் இயங்குகின்றது. ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுத் துணுக்குகள் உட்பட 10 துணுக்குகள் தேவைப்படுவதால் அது 0.32 மில்லிநொடி எடுக்கும். முன்னமைவை மாற்றும் கட்டளை 2 பைட்டுகள் கொண்டது, எனவே 0.64 மில்லிநொடியில் அது கருவியை அடைந்துவிடும். மிக்சரில் நினைவகம் இல்லாமல், எட்டுத் தடங்களின் மட்டங்களையும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கட்டளைகளாக அனுப்ப வேண்டுமானால் தடத்துக்கு 3 பைட்டு வீதம் 24 பைட்டுகள், அதாவது 7.68 மில்லிநொடி ஆகும். இதுவும் சிறு நேரமே. எனினும் எட்டு எண்களை ஒவ்வொரு பாடலுக்கும் கால் இயக்கியில் பதிந்து பேணுவது கலைஞருக்குச் சுமையாகும். மிக்சரின் நினைவகம் அச்சுமையை நீக்குகின்றது.

கட்டளைகளைப் பார்க்கையில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

* ஒரு மிடி இணைப்பில் 16 சானல்கள் உள்ளன. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சானல் ஒதுக்கினால் ஒன்றின் கட்டளை மற்றொன்றைத் தொடாது.
* முன்னமைவு எண்கள் 0 முதல் 127 வரையானவை. சில கருவிகள் இவற்றை 1 முதல் 128 வரை எனக் காட்டுவதால் எண்கள் ஒன்று தள்ளிப்போவது உண்டு.
* வந்த எண்ணை வேறொரு நினைவிடத்துக்கு இணைக்கும் அட்டவணை வசதி மிக்சரில் இருந்தால் அமைப்பது எளிது.
* மட்டக் கட்டளை 128 படிகள் கொண்டது. தொடர் மிதி ஒன்றால் ஒலியைக் கூட்டிக் குறைக்க விரும்புவோர், மிக்சர் படிகளுக்கிடையே சீராக நகர்கின்றதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.
* மிடி வடத்தின் நீளம் 15 மீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

உள்ளீடுகளின் எண்ணிக்கை

ஸ்டீரியோ விளைவுக் கருவி ஒவ்வொன்றும் இரண்டு உள்ளீடுகளை எடுத்துக்கொள்ளும். நேர்க்குறிகைக்கு ஒன்று, டிலே, ரிவெர்ப், கோரஸ் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு எனக் கொண்டால் ஏழு உள்ளீடுகள் தேவை. எட்டு உள்ளீடுகள் கொண்ட மிக்சர் என்பது நான்கு ஸ்டீரியோ தடங்களைக் குறிக்கின்றதா, எட்டு ஸ்டீரியோ தடங்களைக் குறிக்கின்றதா என்பதைக் கையேட்டில் உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

இயங்கு மட்டம்

தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான மட்டம் +4 டிபியூ, அதாவது ஏறத்தாழ 1.23 வோல்ட். வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளின் மட்டம் −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபெல் வேறுபாடு உள்ளது. தாழ்ந்த மட்டக் கருவியை உயர்ந்த மட்ட மிக்சருடன் இணைத்தால் இரைச்சல் மேலோங்கும். எதிர்மாறாக இணைத்தால் உள்ளீடு நிரம்பித் திரிபு உண்டாகும். ஒவ்வொரு தடத்துக்கும் மட்டத் தெரிவு இருப்பது விரும்பத்தக்கது. கித்தாரை நேரடியாக இம்மிக்சருடன் இணைக்கலாகாது. கித்தாரின் ஒலியேற்பிகளுக்கு ஏறத்தாழ 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு வேண்டும். லைன் உள்ளீடுகளின் மின்மறுப்பு இதைவிட மிகக் குறைவு.

இரைச்சல்

ஒன்றோடொன்று தொடர்பற்ற, சம அளவான இரைச்சல்கள் சேரும்போது மொத்த இரைச்சல், எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் உயரும். எட்டுத் தடங்களும் திறந்திருந்தால் ஒரு தடத்தைவிட 9 டெசிபெல் மிகும். பயன்படாத ஆறு தடங்களை அடைத்து இரண்டை மட்டும் திறந்து வைத்தால் 6 டெசிபெல் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு முன்னமைவிலும் தேவையற்ற தடங்களைத் தானாக அடைப்பது நிரல்படுத்தலின் அதிகம் பேசப்படாத நன்மையாகும்.

நேர்க்குறிகையின் பாதை

நேர்க்குறிகை எந்த மட்டமாற்றும் உறுப்பையும் கடக்காமல் நேராகக் கலப்புச் சுற்றை அடையும் வழி சில மிக்சர்களில் உண்டு. ஒலித்தரத்தை முதன்மையாகக் கருதுவோர்க்கு இது ஏற்றது. மையப் பெட்டியில் நேர்க்குறிகையும், இரு பக்கப் பெட்டிகளில் விளைவுகளும் ஒலிக்கும் மூன்று பெட்டி அமைப்பில் நேர்க்குறிகை மிக்சரையே தொட வேண்டியதில்லை. எடி வான் ஹேலன் பயன்படுத்திய அமைப்பு இவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

புவியிணைப்பு

மிக்சரிலிருந்து இரண்டு அல்லது மூன்று பெருக்கிகளுக்குச் செல்லும் வடங்கள் புவியிணைப்புக் கண்ணியை உண்டாக்கி முரல் ஒலியைத் தரலாம். வெளியீடுகளில் மின்மாற்றித் தனிமைப்படுத்தல் இருப்பது இதற்குத் தக்க தீர்வு. மின் செருகியின் புவி முனையைத் துண்டித்து முரலை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது, எந்நிலையிலும் செய்யலாகாது.

எடுத்துக்காட்டு

நான்கு ஸ்டீரியோ தடங்கள் கொண்ட ஒரு மிக்சரில் மூன்று முன்னமைவுகள் எவ்வாறு அமையலாம் என்பதைப் பின்வரும் பட்டியல் காட்டுகின்றது. எண்கள் டெசிபெலில் தரப்பட்டுள்ளன.

* தாள வாசிப்பு, திரிபு ஒலி: நேர்க்குறிகை 0, டிலே அடைப்பு, கோரஸ் அடைப்பு, ரிவெர்ப் −20.
* தனி வாசிப்பு: நேர்க்குறிகை 0, டிலே −10, கோரஸ் அடைப்பு, ரிவெர்ப் −14, மொத்த வெளியீடு +3.
* திரிபற்ற மெல்லிய வாசிப்பு: நேர்க்குறிகை −2, டிலே −16, கோரஸ் −6, ரிவெர்ப் −9.

முதல் இரண்டுக்கும் இடையே மாறும்போது மூன்று மட்டங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. தனி வாசிப்புக்கான 3 டெசிபெல் உயர்வு முன்பெருக்கியில் அன்றி மொத்த வெளியீட்டில் தரப்படுவதால் திரிபின் அளவு மாறாமல் ஒலி மட்டும் உயர்கின்றது. டிலேக்குப் பின் ரிவெர்ப் தொடரிணைப்பில் வர வேண்டுமென ஒரு பாடல் கோரினால் இந்த மிக்சர் போதாது. எந்த உள்ளீட்டையும் எந்த வெளியீட்டுடனும் இணைக்கக்கூடிய அணி வகை மிக்சர் தேவைப்படும்.

சில கருவிகள்

* யமகா டிஎம்பி7: 1987 ஆம் ஆண்டு வெளிவந்த எட்டுத் தட எண்முறை மிக்சர். முன்னமைவு மாறும்போது இதன் மட்டக் கட்டைகள் மின்னோடிகளால் தாமாகவே நகரும்.
* அகாய் எம்பிஎக்ஸ்820: 1980களில் வெளிவந்த, மிடியால் கட்டுப்படும் எட்டுத் தட மிக்சர்.
* சவுண்ட் ஸ்கல்ப்சர் சுவிட்ச்பிளேட்: அணி வகைக் கருவி. உள்ளீடும் வெளியீடும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் மட்டத்தை அமைக்கலாம் என்பதால் தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டையும் முன்னமைவுக்கேற்ப மாற்ற முடியும்.
* ரேன் எஸ்எம் 82: ஓர் அலகு உயரத்தில் எட்டு ஸ்டீரியோ உள்ளீடுகள் கொண்ட லைன் மிக்சர். நிரல்படுத்த இயலாதது எனினும் ஒப்பீட்டுக்காக இங்கு குறிக்கப்படுகின்றது.

நிரல்படுத்தல் எப்போது தேவை

எண்முறை விளைவுக் கருவிகள் பெரும்பாலானவை ஒவ்வொரு முன்னமைவிலும் தமது வெளியீட்டு மட்டத்தையும் சேர்த்தே பதிந்து வைக்கின்றன. மிடி கட்டளை ஒன்றால் மூன்று கருவிகளும் தத்தம் முன்னமைவுக்கு மாறும்போது மட்டங்களும் மாறிவிடும். இத்தகைய அமைப்பில் நிரல்படுத்த முடியாத எளிய லைன் மிக்சரே போதுமானது. அதன் மின்சுற்று எளிது, இரைச்சல் குறைவு, விலையும் குறைவு, பழுதாக வாய்ப்பும் குறைவு.

நிரல்படுத்தக்கூடிய மிக்சர் உண்மையில் தேவைப்படும் இடங்கள் சிலவே: மட்டத்தைப் பதிய இயலாத பழைய தொடர்முறைக் கருவிகள் இருக்கும்போது, நேர்க்குறிகையின் மட்டமும் பாடலுக்குப் பாடல் மாற வேண்டும்போது, முன்னமைவை மாற்றினால் ஒலிவாலை அறுக்கும் விளைவுக் கருவியை ஒரே முன்னமைவில் நிறுத்தி வைத்து, மட்டத்தை வெளியிலிருந்து மாற்ற வேண்டும்போது, இணைப்பு வரிசையே மாற வேண்டும்போது. இவற்றுள் ஒன்றும் பொருந்தாதெனில் அதற்கான பணத்தை நல்ல விளைவுக் கருவிக்கோ பெருக்கிக்கோ செலவிடுவது பயனுள்ளது.

2006 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015 ஆம் ஆண்டு வெளிவந்த லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் போன்ற கருவிகள் முன்பெருக்கி, விளைவுகள், மிக்சர் ஆகிய அனைத்தையும் மென்பொருளாக ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தன. பக்க இணைப்பு, ஒலிவால் தொடர்ச்சி ஆகியவற்றை இவற்றில் திரையிலேயே அமைக்கலாம். எனவே தனி மிக்சரின் தேவை, தனித்தனிக் கருவிகளின் ஒலியை விரும்பிப் பேணுவோரிடையேயே பெரிதும் எஞ்சியுள்ளது.

பழைய கருவிகளை வாங்கும்போது

இவ்வகை மிக்சர்களில் பல உற்பத்தி நிறுத்தப்பட்டவை. கைமாறிய நிலையிலேயே கிடைக்கின்றன. 1980களின் கருவிகள் நினைவகத்தைக் காக்க லித்தியம் மின்கலத்தை நம்பியிருந்தன. மின்கலம் தீர்ந்தால் பதிந்த முன்னமைவுகள் அனைத்தும் அழிந்துவிடும். எனவே வாங்கியவுடன் அமைவுகளைத் தாளில் குறித்துக்கொண்டு மின்கலத்தை மாற்றுவது நல்லது. முதிர்ந்த மின்தேக்கிகள் முரலொலிக்குக் காரணமாகலாம். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே திறந்து இரைச்சலை ஒப்பிட்டால் பழுதான தடம் தெரிந்துவிடும்.

அமெரிக்கச் சந்தைக்கென உருவாக்கப்பட்ட கருவிகள் 120 வோல்ட் மின்வழங்கலுக்கு உரியவை. 230 வோல்ட் பயன்படும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அவற்றை நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். பின்புறத்தில் மின்னழுத்தத் தெரிவு இல்லாத கருவிக்குத் தகுந்த இறக்கு மின்மாற்றி கட்டாயம் தேவை. கையேடு கிடைக்கின்றதா என்பதையும் வாங்குமுன் உறுதிசெய்வது நன்று. மிடி கட்டளைப் பட்டியல் இல்லாமல் இத்தகைய கருவியை முழுமையாகப் பயன்படுத்த இயலாது.

இவற்றையும் பார்க்க

* மின்கித்தார்
* மிடி
* ஒலிக்கலப்பி
* டெசிபெல்
* எண்முறைக் குறிகைச் செயலாக்கம்